அண்ணன் வண்டியின் சத்தம்

நுனியில் பஞ்சு உருண்டை மாட்டிய, சத்தத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவியைப் பிடித்தபடி, அண்ணனின் வண்டிக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் இருக்கும் பந்தயத் தடம் அது. தடத்துக்குள் விடுவதற்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் தகரக் கொட்டகையில் நாங்கள் இருந்தோம். அவர் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். அண்ணன் மிதித்தான். கூரைத் தகரம் அதிர்ந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். கருவியைப் பார்த்தவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். “எல்லைய தாண்டி எங்கயோ போய்ட்ச்சி சார். சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கம்ப்ளைன்ட் மேல கம்ப்ளைன்ட். ரூல மாத்திட்டாங்க. அடுத்த ரேஸுக்கு சத்தத்த கொறச்சிகினு வாங்க, உள்ள வுட்றேன்.” அண்ணன் வாதாடவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு நாளுக்காக அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைப் பட்டறையிலேயே கழித்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் ஒரு தமிழ், வாசற்படி தாண்டினால் மெட்ராஸ் பாஷை என்று இரண்டிலும் புரண்டவர்கள் நானும் அண்ணனும். ஐடிஐ முடித்த கையோடு அவன் வண்டி வேலைக்குப் போனான். பிறகு பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகப் பட்டறை போட்டான். எஞ்சின் ஓடுகிற ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பது அவனுக்கு வாய்த்த பெயர். அந்தப் பெயருக்காகவே திருவள்ளூரிலிருந்துகூட வண்டிகள் வந்தன. நானோ அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்குச் சைலன்சர் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். “நீ சத்தத்த அடைக்கிற கம்பெனி, நான் தொறந்து வுட்ற கம்பெனி” என்று கேலி செய்வான்.

அவன் பந்தயத்துக்கென்று தயார் செய்தது ஒரு பழைய சின்ன கார். எஞ்சினைப் பிரித்து, உள்ளே ஒவ்வொரு பாகமாக மாற்றி, கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை தடையே இல்லாத ஒரு நேர்க்குழாயை மாட்டியிருந்தான். புகை தடையில்லாமல் வெளியேறினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும், வேகம் கூடும். கூடவே தெருவே எழுந்து உட்காரும். அப்பா ஓய்வு பெற்றபின் வேப்பம்பட்டில் கட்டிய வீட்டில், அவர் காலமான பிறகு அம்மாவும் அவனும் மட்டும் இருந்தார்கள். வண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்ததற்கும் தெரு நாய்கள் துரத்தியதற்கும் அவன் அசைந்து கொடுத்ததில்லை. சத்தம் இல்லாத வண்டியில் உயிரே இல்லை என்பான்.

தடத்திலிருந்து திரும்பி வந்த அன்று பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். அங்கேதான் அவன் பேச்சை எடுத்தான். “கொறச்சிர்லாம் பாப்பா. ஆனா பவர்ல ஒரு துளி போவக் கூடாது. சத்தம் மட்டும் போவணும். ஞாய்த்துக்கெயம பட்டறைக்கு வா.” எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். முடியுமா என்று அவன் கேட்கவில்லை. முடியாது என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

முதல் முயற்சி படுதோல்வி. கடையில் கிடைத்த ஒரு சைலன்சரை வாங்கி மாட்டினான். அதன் நடுவே ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட குழாய் போகும். அதைச் சுற்றிலும் கண்ணாடி இழைப் பஞ்சு. புகை நேராகப் போய்விடும், சத்தம் மட்டும் துளை வழியே பஞ்சுக்குள் போய் அடங்கும் என்பது கணக்கு. சில நாள் அடங்கத்தான் செய்தது. ஒரு வாரம் முறுக்கி ஓட்டியதும் பழைய கர்ஜனை திரும்பி வந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே பஞ்சு பாதிகூட இல்லை. தளர்வாக அடைத்திருந்ததால் புகையோடு பறந்து போயிருந்தது. அண்ணன் வெட்டிய தகரத்தைத் தரையில் போட்டான். “பெட்டி பத்தாது. நம்மளே செய்வோம்” என்றான்.

பெரிய பெட்டியாக இருந்தால்தான் சத்தம் தணியும். ஆனால் தரையோடு தரையாக அவன் இறக்கி வைத்திருந்த வண்டியில் பெரிய பெட்டியைத் தொங்கவிட்டால் முதல் வேகத்தடையிலேயே பெயர்ந்துவிடும். அதனால் உயரம் குறைத்து, அகலமாக, தட்டையான முட்டை வடிவில் ஒன்று செய்தோம். துளைக் குழாயின் மேல் முதலில் இரும்பு இழையைச் சுற்றி, அதற்கு மேல் கண்ணாடி இழையை இறுக்கிச் சுற்றிக் கட்டினோம். வண்டியின் நடுவயிற்றில், எஞ்சினுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில், இன்னொரு சின்னப் பெட்டியையும் வைத்தோம். என் கையெல்லாம் இழை குத்தி, இரண்டு நாள் ஆபீஸில் சொறிந்துகொண்டே இருந்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. அண்ணனுக்கு அது போதவில்லை. அந்தக் கருவிக்கும் போதாது என்று எனக்குத் தெரிந்தது.

எங்கேயோ கசிகிறது என்றேன். இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலிருந்து ‘உஸ்’ஸென்று பாம்பு சீறுவது போல மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த அண்ணன், “இல்லியே, நல்லாத்தான கீது” என்றான். “உன் மூஞ்சிக்குப் பக்கத்துலயே வருதுண்ணா.” அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இல்லை என்றான். நான் சோப்புத் தண்ணீரைக் கலக்கி அந்த மூட்டில் ஊற்றினேன். நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், எழுந்துபோய் வெல்டிங் மெஷினை இழுத்து வந்தான். பட்டறை இரைச்சலில் கேட்டிருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கசிவை அடைத்ததும் அடுத்த தொல்லை வந்தது. வெளியே சத்தம் குறைந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து ஒரே சீரான வேகத்தில் போனால் மட்டும் மண்டைக்குள் வண்டு புகுந்தது போல ஓர் இரைச்சல். இதை அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தான். “சீட்டு வயியா முதுகெலும்புல ஏர்து பாரு” என்றான். எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு வழி உண்டு. பிரதான குழாயின் பக்கவாட்டில், மறுமுனை மூடிய ஒரு குழாயை முட்டுச்சந்து போலக் கிளை பிரித்து வைப்பார்கள். அதற்குள் போகிற அதிர்வு முட்டித் திரும்பி வந்து, வருகிற அதிர்வோடு மோதி இரண்டும் அடங்கிவிடும். நீளம் சரியாக அமைய வேண்டும். நான் கணக்குப் போட்டு ஒரு நீளம் சொன்னேன். அவன் அதைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி வைத்து, ஓட்டிப் பார்த்து, கழற்றி, விரல் அகலம் அறுத்து, மறுபடி வைத்து ஓட்டினான். மதியச் சாப்பாடு பொட்டலத்திலேயே காய்ந்தது. கடைசியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து இறங்கியவன் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினான். “செத்துச்சு வண்டு.”

அடுத்த ஞாயிறு காலை வண்டியை வெளிவட்டச் சாலையில் முழுதாக ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வேகம் எடுத்தது, ஆனால் அண்ணன் ஓட்டம் சரியாக இல்லை. கியர் மாற்ற வேண்டிய இடம் தாண்டியும் மிதித்துக்கொண்டே இருந்தான். எஞ்சின் அதன் உச்சத்தில் முட்டித் திணறிய பிறகுதான் மாற்றினான். வாழ்நாளில் அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. நெமிலிச்சேரிப் பக்கம் இறங்கி ஒரு சிக்னலில் நின்றோம். எஞ்சின் அடங்கி ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. அண்ணன் சாவியைத் திருகினான். ஓடுகிற எஞ்சினில் சாவியைத் திருகினால் பல்சக்கரத்தோடு பல்சக்கரம் உரசி ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு. அண்ணன் கை அப்படியே நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் இன்னொரு முறை திருகினான்.

“அண்ணா, வண்டி ஓடிகினுதான் இருக்கு.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக நகர்த்தி, ஓரமாக ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே பேசினான். “தெர்யும் பாப்பா. ரொம்ப நாளாவே இப்டித்தான். சன்னமான சத்தம் எதுவும் காதுல வுயவே மாட்டேன்னுது. அன்னிக்கி லீக் ஆவுதுன்னியே, எனக்கு ஒண்ணியும் கேக்கல. நேர் பைப்பு இருந்தப்ப எஞ்சின் இன்னா சொல்துன்னு நெஞ்சுல தெர்ஞ்சிது. இப்ப எதுவும் சொல்ல மாட்டேன்னுது.” எதிரே சாலையைப் பார்த்தபடியே, “காது போச்சின்னு வெளிய தெர்ஞ்சா எவன் நம்மகிட்ட வண்டி கொண்டாருவான்?” என்றான்.

எனக்கு அம்மாவின் புலம்பல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. “கூப்புடுதேன், கூப்புடுதேன், திரும்பிப் பாக்கவே மாட்டேக்கான். அவ்வளவு திமிரு” என்பாள். போனில் அவன் கத்திப் பேசுவதைப் பட்டறைப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டோம். டிவி அலறியது, அவன் விசேஷங்களுக்கு வராமல் நழுவியது எல்லாவற்றுக்கும் எங்களிடம் வேறு வேறு காரணங்கள் இருந்தன. சத்தத்தின் மேல் அவனுக்கு ஆசை என்றுதான் ஊரே நினைத்தது. அவனுக்கு அது ஆசை இல்லை, பிடிமானம். அந்தப் பிடிமானத்தை, கை அரிக்க அரிக்க இழை சுற்றி, அவனோடு சேர்ந்து நானே அடைத்திருந்தேன்.

பழைய குழாயைத் திரும்ப மாட்டிவிடுவான் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவன் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறு நானே போனேன். சைலன்சர் வண்டியிலேயே இருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே, கண்ணுக்கு நேராக, ஒரு சின்னச் சிவப்பு விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தான். எஞ்சின் கியர் மாற்றும் வேகத்தை எட்டியதும் அது எரியும். “காதுக்கு பதிலா கண்ணு. பயகிக்கலாம்” என்றான். காதைக் காட்டிவிட்டும் வந்திருந்தான். நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “அந்த பைப்பு எனக்கு சொல்லிகினே இருந்திச்சி, சொல்லிகினே காதையும் தின்னுட்ச்சி. திரும்ப மாட்டுனா மிச்சமும் போவும். வாணாம்” என்றான். அழுகையோ கோபமோ அவன் குரலில் இல்லை. போல்ட்டை முடுக்குகிறவனின் குரல்தான் இருந்தது.

விளக்கைப் பார்த்து ஓட்டப் பழகுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சாலையைப் பார்த்தால் விளக்கைத் தவறவிட்டான், விளக்கைப் பார்த்தால் வளைவைத் தவறவிட்டான். காலை நேரங்களில் போய் மறுபடி மறுபடி ஓட்டினான். அதோடு இன்னொரு காரியமும் செய்தான். வழக்கமாக வண்டி விடுகிறவர்களிடம், தனக்குக் காது சரியில்லை என்று தன் வாயாலேயே சொன்னான். ஒரு நாள் நான் இருக்கும்போதே ஒருவரிடம், “சார், இனிமே காத நம்பி சொல்ல மாட்டேன். மெஷின் வெச்சி பாத்துதான் சொல்வேன். இஸ்டம்னா வுட்டுட்டு போங்க” என்றான். அவர் சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். சிலர் அப்படி வைக்காமலும் போனார்கள்.

அடுத்த பந்தயத்துக்குப் போனபோது கொட்டகையில் அதே ஆள்தான் இருந்தார். குனிந்து பார்த்தார், கருவியை இன்னொரு பக்கமிருந்து பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டி அதன் மேல் உள்ளங்கையால் தேய்த்தார். அன்று அண்ணன் பரிசு மேடை ஏறவில்லை. அவனைவிட விலையுயர்ந்த வண்டிகள் முன்னால் போயின. ஆனால் நேர்க்குழாய் இருந்த காலத்தில் பயிற்சியில் எடுத்த நேரத்தைவிட வேகமாக ஒரு சுற்று வந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, கூட்டத்தில் எது அவன் வண்டி என்று காதால் பிரிக்க முடியவில்லை. கண்ணால் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு காதுக்கு மெஷின் வாங்கிக்கொண்டான். வாங்கிய அன்று மாலை நான் அம்பத்தூரிலிருந்து ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போயிருந்தேன். அம்மா அவன் எதிரில் உட்கார்ந்து, எந்த வார்த்தையை முதலில் சொல்வது என்று தெரியாதவளாக, முந்தானையை நீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைச் சுளித்தபடி மேலே பார்த்தான்.

“இன்னாது இது, கீச்சு கீச்சுன்னு?”

“ஃபேன்தாம்ல.”

“எப்பத்லேர்ந்து இப்டி கத்துது?”

“உன் தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாலேருந்து கத்துது. எத்தன தடவ சொல்லியிருப்பேன்!”

அவன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, எண்ணெய் டப்பாவோடு ஏறினான். இறங்கியதும் கேட்டின் கீல், அதன் பிறகு சமையலறைக் குழாய் என்று வீடு முழுக்கச் சுற்றி, எங்கே என்ன கத்துகிறது என்று தேட ஆரம்பித்தான். அம்மா அவன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.