தடை உத்தரவும் தம்பியின் கொடிக்காலும்

நாமக்கல் நீதிமன்றத்தில் சிவில் வழக்கென்றால் என் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். பரமத்தி வேலூர் விவசாயி ஒருவருக்காக, அவருடைய கிணற்றில் தம்பி தண்ணீர் எடுக்கக் கூடாதென்று இடைக்காலத் தடை வாங்கித் தந்திருந்தேன்.

சில நாட்களில் அவரே என் அலுவலகத்துக்கு வந்து தயங்கி நின்றார்.

“ஏனுங்க வக்கீலய்யா, தம்பி கொடிக்காலுக்கு நானே தண்ணி உட்டா கோர்ட்டுல தப்பாகுமுங்களா?”

“ஒரு சொட்டுக்கூட விடக் கூடாதென்று நின்றவர் நீங்கள்தானே?”

“ஆமாங்க. அவன் மேல கோவம் இன்னும் போகலீங்க. ஆனா வெத்தலைக் கொடி வாடுதுங்க. அது என்னங்க பண்ணுச்சு?”

அவர் தண்ணீர் விட்டால் வழக்கு வலுவிழக்கும். நான் வாதாடிப் பெற்ற உத்தரவுக்கும் பொருளிருக்காது. ‘தப்புத்தான்’ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை.

“உத்தரவு உங்கள் தம்பியைத்தான் தடுக்கிறது. உங்களை இல்லை.”

“அப்ப வாரேனுங்க, மோட்டாரைப் போடோணும்” என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து சமாதான மனுவில் கையெழுத்திட்டார்கள். வென்றவர் ஒருவர், வென்றதைப் பகிர்ந்துகொள்ள அனுமதி கேட்டு என்னிடம் வந்தது அதுவே முதல்முறை.

நான் பேசி அவர்களைச் சேர்த்துவைத்ததாக வக்கீல் சங்கத்தில் சொல்கிறார்கள். அது சரியன்று. அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். தண்ணீர் விட்டவர் அவர்.