சூசையப்பர் நகருக்குப் பேர் மாற்றிய கதை

நான் இருப்பது காஞ்சிபுரத்தில். என்னிடம் புடவை வாங்குகிறவர்கள் இருப்பது அமெரிக்காவில். கடை என்று எனக்கு ஒன்றும் கிடையாது. வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, என் அண்ணன் தறியில் இறங்கிய பட்டுப்புடவைகளைப் பிரித்துப் போட்டு, போன் கேமராவில் முந்தானையைக் காட்டுவேன். அந்தப் பக்கம் ஒரு பெண் காப்பியோடு உட்கார்ந்துகொண்டு, "அந்த மாம்பழக் கலரைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க" என்பாள். பிடித்துவிட்டால் மடித்துப் பெட்டியில் வைத்து, மேலே விலாசம் எழுதி, கூரியரில் போட்டுவிடுவேன்.

சான் ஹோசே, சாண்டா கிளாரா, சான் டியேகோ, செயின்ட் லூயிஸ் என்று விலாசங்களை எழுதிக்கொண்டே இருந்தேனே தவிர, அந்தப் பேர்களுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்லை. சான் ஹோசேயிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒருத்திதான் ஒருநாள் பெட்டியில் இருந்த என் விலாசத்தைப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"அக்கா, உங்க ஏரியா பேரு சூசையப்பர் நகரா? எங்க ஊரும் அவர் பேருதான். ஹோசேன்னா ஸ்பானிஷ்ல ஜோசப். ஜோசப்னா சூசையப்பர்."

"அப்ப உங்க ஊர சூசையப்பர்பட்டின்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க. இங்க சுத்துப்பட்டுல எல்லா ஊரும் ஏதாவது ஒரு புனிதர் பேருதான்."

நம் ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து விமானம் ஏறிப் போய் இறங்குவதெல்லாம் புனிதர்களின் வீட்டு வாசலில்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் நகர் வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிறது. முன்பு ஒரு நயினார் குடும்பத்தின் நெல்வயல். நயினார் என்றால் இந்தப் பக்கத்துச் சமணர்கள். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்தவர்கள். ரோட்டோரத்தில் சூசையப்பருக்கு ஒரு குட்டிக் கோயில் உண்டு. பக்கத்தில் நிற்கிற டிரான்ஸ்பார்மரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை "சூசையப்பர் எறங்கு" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். வயலை வாங்கி மனை போட்டவர் பழனிக்குக் காவடி எடுக்கிறவர். பஸ் ஸ்டாப்புக்கு இருக்கிற பேரையே மனைக்கும் வைத்தால் விலை போகும் என்று கணக்குப் போட்டார், போயிற்று. நாங்கள் எல்லோரும் ரோட்டுக்குப் பக்கம் என்ற சந்தோஷத்தில் வாங்கினோம். பேரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

என் எதிர்வீட்டுக்காரர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். ஆபீசில் இருபுறமும் ஆள் நின்று பழக்கப்பட்டவர் என்பதால், பாலுக்குப் போகும்போதுகூட யாரையாவது கூட்டிக்கொண்டு போவார். ஒரே பெண். அவளுக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில். அமெரிக்காவில் எங்கே என்று கேட்டதற்கு, "சான் ஜோஸ்" என்றார் தலைவர். தெருவில் எல்லோருக்கும் சொன்னார். காய்கறி வண்டிக்காரருக்கும் சொன்னார்.

பெண் பார்க்க வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நிச்சயப் புடவையை அப்படியே பார்த்துவிடலாம் என்று நாலைந்து புடவைகளோடு போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கேசரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்.

"தெரு மொனையில போர்டைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திட்டாரு. நீங்க அந்தப் பக்கம் போயிட்டீங்களோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டோம்."

தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை. "சேச்சே, அது யாரோ வெச்ச பேருமா. மாத்தறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு இருக்கறோம்" என்றார். அந்த ஏற்பாடு அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூட்டம் போட்டார். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், ஆளுக்கொரு கப் சுண்டல். குப்பை வண்டி வரவில்லை என்று கூப்பிட்டபோது ஏழு பேர் வந்த கூட்டத்துக்கு, சாமி பேர் விஷயம் என்றதும் உட்கார இடமில்லை.

தலைவர் எடுத்த எடுப்பில் வரதராஜ நகர் என்றார். பின்வரிசையில் விபூதி பூசிய ஒருவர் எழுந்து, ஊருக்கே பெரியவர் ஏகாம்பரநாதர் இருக்க அதெப்படி என்று கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து காமாட்சி நகர் என்று ஒரு குரல் வந்தது. "அம்மன் பேரு வெச்சா நம்ம தெருவுல ஆடி மாசம் பூரா மைக்செட்டு கட்டுவாங்க, பசங்க எப்டி படிக்கும்" என்று இன்னொரு பெண்ணே அதை வெட்டிவிட்டாள். ஒருவழியாகப் பெருமாள் கட்சி ஜெயிக்கும்போலத் தெரிந்தது. அதற்குள் போர்டில் வரையப்போகும் நாமத்துக்குப் பாதம் வைப்பதா கூடாதா என்று பெருமாள் கட்சியே வடகலை, தென்கலை என்று இரண்டாகப் பிரிந்து எதிரெதிர் நாற்காலிகளுக்குப் போய்விட்டது.

எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து சொன்னேன். "சார், மாப்பிள்ளை இருக்கற சான் ஹோசேவும் சூசையப்பர்தான். அங்க அவரு பேருல இருக்கலாம், இங்க இருக்கக் கூடாதா?"

கூட்டம் தலைவர் பக்கம் திரும்பியது. தலைவர் திணறப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துளிகூடத் திணறவில்லை.

"அது அமெரிக்காமா. இது வாலாஜாபாத் ரோடு."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. நாமத்துக்காகப் பிரிந்தவர்கள்கூட ஒன்றாக ஆட்டினார்கள். நான் உட்கார்ந்து சுண்டலைச் சாப்பிட்டேன்.

கடைசியில் சமாதானம் செய்து வைத்தவர் நிலத்தின் பழைய சொந்தக்காரரான நயினார். அவரும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். "எங்க வயலுக்குக்கூட நாங்க எங்க சாமி பேரு வெக்கல. ஏம்பா அடிச்சிக்கிறீங்க? எஸ்.ஜே. நகர்னு போட்டுட்டுப் போங்க. அவங்கவங்க வேணும்கறத அவங்கவங்க படிச்சிக்கலாம்" என்றார்.

வெடித்துச் சிரிக்க வேண்டிய யோசனை. அதைப் பயபக்தியோடு ஏற்றுக்கொண்டார்கள். பெருமாள் கட்சி அதை ஸ்ரீ ஜனார்த்தனன் என்று படித்தது. சிவன் கட்சி கொஞ்சம் யோசித்து, வேலூர்க் கோட்டையிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து சேர்த்தது. நடக்கிற தூரத்தில் இருக்கிற ஏகாம்பரநாதர் என்ன நினைத்தாரோ. நயினார் மட்டும் என் பக்கம் குனிந்து, "எங்களுக்கு ஸ்ரீ ஜினர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

மாநகராட்சிக்கு மனு போட்டு அது எப்போது நடக்குமோ என்று தலைவர் காத்திருக்கவில்லை. தாமே ஆளை வைத்து முனையில் பச்சை வண்ணப் போர்டு நட்டார். நிச்சயதார்த்தப் பத்திரிகையிலும் எஸ்.ஜே. நகர் என்றே அடித்தார். மாப்பிள்ளையின் ஊரைக் கொட்டை எழுத்தில் தனி வரியாகப் போட்டிருந்தார். கையில் கொடுத்தபோது நான் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வந்துடுங்கமா" என்றார்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில். மாப்பிள்ளையின் பெற்றோர் காரில் முதலிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பம் தென்னேரியிலிருந்து வேனில் வர வேண்டும். தட்டு வரிசை, பூ, நான் கொடுத்த நிச்சயப் புடவை எல்லாம் அந்த வேனில். பத்தரைக்கு ராகு காலம். பத்து மணி நெருங்கியும் வேனைக் காணோம். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

தாய்மாமன் போனில் கிடைத்தார். தலைவர் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அதற்குப் பிறகு நிச்சயம் வருத்தப்பட்டிருப்பார்.

"எங்க சார் இருக்கறீங்க?"

"தாமல் ஏரி தெரியுதுபா."

கூடத்தில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். தாமல் காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கே தென்னேரியிலிருந்து கிளம்பியவர்கள் எங்கள் தெருவைத் தாண்டி, முழு நகரத்தையும் கடந்து, அந்தக் கோடிக்குப் போயிருக்கிறார்கள்.

"எஸ்.ஜே. நகர்னு கேட்டுக்கினே வர்றோம், ஒருத்தருக்கும் தெரியலபா. மேப்புல போட்டா மெட்ராஸ்ல ஏதோ எடத்தக் காட்டுது. ஒரு ஆட்டோக்காரன் இந்தப் பக்கம்னு அனுப்பிட்டான். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச எடமா ஒண்ணு சொல்லேன்."

தலைவர் ரைஸ் மில் என்றார். எந்த ரைஸ் மில் என்று கேட்டார் தாய்மாமன். பெட்ரோல் பங்க் என்றார். அது வழியெல்லாம் இருக்குது என்றது போன். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் பூத்தட்டில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன், மறைப்பானேன்.

"சூசையப்பர்" என்றார் மெதுவாக.

"கேக்கலபா."

"சூசையப்பர் கோயில். வாலாஜாபாத் ரோட்டுல சூசையப்பர் கோயில் ஸ்டாப்புன்னு கேளுங்க. சூசையப்பர்." ஒவ்வொரு தடவையும் குரல் ஏறிக்கொண்டே போய், கடைசித் தடவை மாடியில் சாமியானா கட்டியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

போனுக்குள் வேன் டிரைவரின் குரல் கேட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அதத் தாண்டித்தான வந்தோம்."

மாப்பிள்ளையின் அம்மா புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டார். வேறு யாரையும் நம்பாமல் தலைவரே பட்டு வேட்டியோடு ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. நிற்க நிழல் என்றால் அந்தக் குட்டிக் கோயிலின் முன்னால் போட்ட தகரக் கொட்டகைதான். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்வது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுத் தண்ணீரும் கொடுத்தார். சூசையப்பருக்குக் கீழே சூசையப்பர் நகரின் எதிரி உட்கார்ந்து தண்ணீர் குடித்ததை நான் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

வேன் வந்தது. ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றிவிட்டார்கள். எப்படி என்று கேட்கக் கூடாது. வாத்தியாரின் கடிகாரம் அன்று கொஞ்சம் பெருந்தன்மையாக ஓடியது.

பிறகு தை மாதத்தில் கல்யாணமும் ஆகி, பெண் விமானம் ஏறினாள். அவள் போன சில நாளில் அந்த நர்ஸம்மா ஒரு தட்டில் கேக்கோடு தலைவர் வீட்டுப் படியேறி வந்தார். புதுப் போர்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தது வேறு மாதிரி.

"எங்க சாமி பேர ஸ்டைலா எஸ்.ஜே.ன்னு வெச்சிட்டீங்களாமே. செயின்ட் ஜோசப்னு இங்கிலீஷ்ல வெக்கணும்னு எங்களுக்கு ரொம்ப நாளா ஆசை, கேக்கத்தான் தயக்கமா இருந்துது. பங்குச் சாமியார்கிட்ட சொன்னேன். உங்களுக்காக வேண்டிக்கறேன்னு சொல்லச் சொன்னாரு."

நான் என் வாசலில் நின்றபடி கேட்டேன். ஜனார்த்தனனையும் ஜலகண்டேஸ்வரரையும் நினைத்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைவர் கேக்கை வாங்கிக்கொண்டார். அவர் வேறென்ன செய்திருக்க முடியும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பேரை மறுபடி மாற்றுவது பற்றி ஒரு கூட்டம் கூட்டினார். இந்தத் தடவை மைக்கும் சுண்டலும் இல்லை. ஆட்களும் இல்லை. எல்லோரும் பேர் போதும் என்று வீட்டில் இருந்துவிட்டார்கள். தாமே போட்ட நாற்காலி வரிசைக்கு நடுவில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்க்க ஒரு மாதிரி இருந்ததால் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல்மாடியில் பெண்ணின் அறை ஜன்னல் சாத்தியிருந்தது.

"இப்ப அங்க மணி இன்னாமா இருக்கும்?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி சார். தூங்கிக்கினு இருக்கும்."

"நேத்தா" என்றார். பிறகு எழுந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். கூட யாரையும் கூப்பிடவில்லை. மறு கோடியிலிருந்து நானும் அடுக்கினேன்.