சால்வை வேண்டாம் என்றேன்

எனக்குச் சால்வை போர்த்தக் கூடாது என்று, என்னைப் பேச அழைத்த ஆசிரியையிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். மலைக்கு வந்து இறங்கியதும் தலைமையாசிரியரிடம் இன்னொரு தரம் சொன்னேன். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நம் ஊரில் யாருக்குப் புரிகிறது?

நான் நிலத்தடி நீர் ஆராய்ச்சி செய்கிறவள். டாக்டர் பட்டம் உண்டு. ஆட்டிசமும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்று ஜவ்வாது மலைக்காரர்களுக்குச் சொல்லத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உண்மையில் ஒரே ஒருவருக்காக. ஆறாம் வகுப்பில் ஒரு பெண், அவளுக்கும் ஆட்டிசம். யாராவது தொட்டால் கத்துவாள். அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தப்போவதாக அப்பா சொல்லிவிட்டாராம். "நீங்க பேசறத அவரு ஒரு தடவ கேட்டா போதுங்க" என்றார் ஆசிரியை.

அந்த அப்பா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. மகள் ஒரு நாற்காலி தள்ளி.

ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. பாதியில் தலைமையாசிரியர் இன்னொரு மைக்கை எடுத்தார். "மேடம் தன்னடக்கத்துல சால்வ வேணாம்னாங்க. பெரியவங்க அப்டித்தான் சொல்வாங்க. நாம வுட்ருவமா?" கைதட்டல். பின்னாலிருந்து என் கழுத்தில் ஜரிகை விழுந்தது.

கத்திவிட்டேன். மைக்கில். எதிர்மலைவரை கேட்டிருக்கும். சால்வையை உதறி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டேன்.

போச்சு, எல்லாம் போச்சு. டாக்டர் பட்டமாவது மண்ணாங்கட்டியாவது! எவ்வளவு படித்தாலும் இதுகள் இப்படித்தான் என்று அந்த மனிதர் முடிவு கட்டியிருப்பார். எனக்கு அழுகை வந்தது. தலைமையாசிரியர் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. பாவம், நல்ல மனுஷர்தான்.

மூச்சு சீரானதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

கூட்டம் கலைந்தபின் அந்த அப்பா மகளோடு வந்தார். எட்டியே நின்றார்.

"யம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தத் துணி மேல பட்டப்போ இன்னா ஆச்சுங்க?"

"எரிஞ்சுதுங்க. சுடுதண்ணி ஊத்தின மாதிரி."

அவர் மகளைப் பார்த்தார். "இதுக்கும் அப்டித்தான் எரிஞ்சிருக்குமா? திமிருன்னு இல்ல நெனச்சேன். கத்தக் கத்த அடிச்சிட்டேனே."

ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதுமே வராது. "இனிமே அடிக்காதீங்க. ஸ்கூல வுட்டும் நிறுத்தாதீங்க" என்றேன்.

கிளம்பும்போது பழக்கத்தில் மகளின் கையைப் பிடிக்கப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம். காலைல ஸ்கூலுக்குப் போவணும் இல்ல" என்றார்.