ரோசம்மாளின் சாட்சி

பாலக்கரையில் ஒரு சந்தில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவள் ரோசம்மாள். அவள் புருஷன் பாக்கியநாதன் வெள்ளையடிக்கிறவன். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின தை மாதம் ஸ்ரீரங்கத்தில் சக்ரபாணி அய்யங்கார் வீட்டுக்கு வேலைக்குப் போனவன், திரும்பும்போது ஒரு வெள்ளிச் சொம்பைச் சுண்ணாம்புச் சட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டான். அதுவரை அடுத்தவர் பொருளைத் தொட்டவனில்லை.

“கொண்டுபோய் வச்சிட்டு வந்திடுங்க” என்று அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நாளைக்கு, நாளைக்கு என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

அய்யங்கார் புகார் கொடுத்திருக்க, போலீஸ் முந்திக்கொண்டது. பட்டப்பகலில் ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தார்கள். வாரண்டு கிடையாது. சோதனைக்குச் சாட்சியாகத் தெருவில் ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. வீட்டைத் தலைகீழாக்கியும் ஒன்றும் அகப்படாமல் போகவே, பாக்கியநாதனைக் குப்புறத் தள்ளி உள்ளங்காலில் தடியால் அடித்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. ரோசம்மாளால்தான் தாங்க முடியவில்லை. அடுப்புக்குப் பின்னால் மண்ணைப் பறித்துச் சொம்பை எடுத்து ஏட்டின் முன்னால் வைத்தாள்.

“விடுங்கய்யா, செத்துப்போயிடுவாரு!”

பாக்கியநாதனுக்காக வாதாட வந்த வக்கீல் யதிராஜன் அவளுக்குத் தைரியம் சொன்னார். “வாரண்டு இல்லாம நுழைஞ்சு, அடிச்சு எடுத்த பொருளைக் கோர்ட்டு ஏத்துக்கக் கூடாதுன்னு வாதாடறேன். அடிச்சதுக்கு நீதாம்மா சாட்சி.”

ரோசம்மாள் கூண்டில் ஏறி, போலீஸ் அடித்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சர்க்கார் வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“சொம்பு எங்கே இருந்தது? யார் எடுத்துக் கொடுத்தா?”

அவள் யதிராஜனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

“அடுப்புக்குப் பின்னால… நான்தாங்க.”

மாஜிஸ்திரேட் கடுமையானவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்க நம்பினார்.

“போலீஸ் செஞ்சது சரியில்லை. அதுக்குத் தனியாப் புகார் கொடுக்கலாம். ஆனா எப்படிக் கிடைச்சிருந்தாலும் சொம்பு அங்கே இருந்தது நிஜம்” என்று சொல்லிப் பாக்கியநாதனுக்கு ஆறு மாதம் ஜெயில் போட்டார்.

“அடிச்சவங்களுக்கு என்னங்கய்யா?” என்று ரோசம்மாள் கேட்டாள். அதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புகார் கொடுக்கப் போனாள். ஸ்டேஷனில் அதே ஏட்டு உட்கார்ந்திருந்தார். “எழுதிக்கிறேன், அப்படி ஓரமா இரு” என்றார். பொழுது சாயும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது பாக்கியநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி நின்றான்.

“அத்தனை அடியையும் தாங்கிக்கிட்டேனே, ரோசு. நீ ஏன் எடுத்துக் கொடுத்தே?”

‘திருடினது நீங்கதானே’ என்று நாக்கு வரைக்கும் வந்தது. அவன் காலைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

விடுதலையாகி வந்தவனுக்கு ஏணியில் நிற்கக் கால் ஒத்துழைக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சுருட்டுக்குப் புகையிலையின் நடுநரம்பைக் கிழித்தெடுக்கப் பழகினான். அன்றைக்கு அவன் அடிபடுவதைத் தான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டுமா என்று ரோசம்மாள் அவனிடமும் கேட்கவில்லை, மாதா கோயில் பங்குச் சாமியாரிடமும் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்களில் யாருக்காவது பதில் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.