சாய்கிரண் இறக்கிய கை

என் மகன் டேனியலின் இடது கண் மங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினான். மருத்துவரிடம் சொன்னால் குத்துச்சண்டை உரிமம் போய்விடும் என்று மறைத்தான். எனக்குத் தெரியும். திருமுல்கேரியில் இருபது வருடமாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கண்ணையே பாடமாக நடத்தியவள். வாயை மூடிக்கொண்டு ஜெயத்துக்காக ஜெபித்தேன்.

தொழில்முறைப் போட்டிகளில் முதல் ஏழையும் அவன் வென்றான். அப்போது நம் சபையில் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுக்காதவர்கள் குறைவு. பிறகு வரிசையாக மூன்று தோல்வி. அதே பெரியவர்கள் ஆராதனை முடிந்ததும் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே போனார்கள். போட்டி நடத்துகிறவர் வீட்டுக்கே வந்தார். சென்ட்டில் குளித்த மனிதர். "உப்பல் ஏரியாப் பையன் சாய்கிரணை மேல கொண்டுவரணும் மேடம். உங்க பையன் நாலு ரவுண்டு நின்னு அடி வாங்கினா போதும்." ஆடு விலை பேசுகிறவருக்குக்கூட இதைவிட வெட்கம் இருக்கும்.

டேனியல் போட்டிக்கு ஒப்புக்கொண்டான், தோற்பதற்கு அல்ல. "டென்ஷன் நக்கோம்மா, கவலப்படாத. ஒரு ஃபைட் ஜெயிச்சா எல்லாம் திரும்பி வந்துரும்."

நான் ஜெபச் சீட்டில் எழுதினேன்: 'சாய்கிரண் விழ வேண்டும்.' சபையில் வாசித்தார்கள். எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். இன்னொரு தாயின் பிள்ளை விழுவதற்கு. ஒருவருக்கும் நாக்கு கூசவில்லை. எழுதிய எனக்குக் கையும் கூசவில்லை.

சென்ற ஆகஸ்டில் போட்டி. மூன்றாம் சுற்றில் இடப்பக்கம் வந்த ஒரு குத்தையும் டேனியல் பார்க்கவில்லை. பயிற்சியாளரிடம் ஓடினேன். "துண்டை எறிஞ்சு நிறுத்துங்க தம்பி." அவர் போட்டி நடத்துகிறவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, அவன் தோற்கட்டும். கண்ணை மட்டும் விட்டுவிடும்.

சாய்கிரண் ஓங்கிய கையை இறக்கினான். இரண்டடி பின்வாங்கினான். "நக்கோ சார். உஸ்கோ திக்ராச் நை" என்றான் நடுவரிடம். வேண்டாம், அவனுக்குக் கண் தெரியவில்லை என்று. நடுவர் போட்டியை நிறுத்தினார். கூட்டம் ஊளையிட்டது. "ஷோவையே கெடுத்துட்டான்" என்று முனகினார் சென்ட் மனிதர்.

விழித்திரை விலகத் தொடங்கியிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. "இன்னும் ரெண்டு குத்து விழுந்திருந்தா கஷ்டம்மா" என்றார் மருத்துவர். பார்வை தங்கியது. டேனியல் இனி மேடை ஏறமாட்டான். தார்நாகாவில் ஒரு மருந்துக் கடையில், அட்டைகளின் பொடி எழுத்தைப் படித்து எடுத்துக் கொடுக்கிறான்.

"தோத்ததுக்கெல்லாம் சாட்சியா, சிஸ்டர்?" என்று போன வாரம் ஒரு பெரியவர் சிரித்தார். ஆமாம் ஐயா, அதற்கேதான். யார் விழவேண்டும் என்று கேட்டேனோ, அவன் கையைக் கொண்டே ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்குமுன் உங்கள் சீட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். என் சீட்டில் இன்றும் சாய்கிரண் பெயர் இருக்கிறது. அடுத்த மாதம் அவனுக்குப் போட்டி. அவன் கண்களுக்காக இப்போது ஆமென் சொல்லுங்கள்.