லூசியம்மாவின் இடது கண்

ருக்கு மாமி கல்யாணமாகி டில்லிக்கு வந்த புதிதில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். புருஷன் ராஜகோபாலன் மத்திய சர்க்காரில் குமாஸ்தா. அவர் ஓய்வு பெற்றதும் ஜனக்புரிக்கு வந்தார்கள். அவர் போன பிறகும் அதே மாடி வீட்டில் மகன் அஷ்வத்தோடு இருந்தாள். யாருக்கு யார் சம்பந்தி, யார் எந்த ஊரில் வாக்கப்பட்டாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எதற்கும் அசராதவள். பயமென்றால் கண் ஒன்றுக்குத்தான்.

அதற்குக் காரணம் அவளுடைய அப்பாவின் அக்கா, கோமளம் அத்தை. கண்வலி வந்தபோது மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள் அத்தை. வாங்கியும் வந்தவள், இன்றைக்கு நாளைக்கு என்று அரிசி டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தாள். ஆடி பிறப்பதற்குள் பார்வை போய்விட்டது. கடைசிக் காலம் வரைக்கும் அத்தை அரிசிக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே இருந்ததைச் சின்னப்பெண் ருக்கு பார்த்திருக்கிறாள்.

ஆகவே, கண்ணில் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் மாமிக்குச் சோறு இறங்கவில்லை. கீழ்வீட்டு ப்ரீதா தூத்துக்குடிக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியேறி வந்து, தன் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த வெள்ளி டாலரைக் கழற்றி மாமியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பயப்படாதீங்க மாமி. லூசியம்மா பாத்துக்கிடுவா."

டாலரில் ஓர் இளம்பெண். கையில் தட்டு, தட்டில் இரண்டு கண்கள். இடது கண்ணின் மேல் குறுக்காக ஒரு கீறல்.

"யாருடி இவ? கண்ணைத் தட்டுல வெச்சிண்டு நிக்கறா?"

"சிசிலித் தீவுல பெறந்த பிள்ளை. ரோமராஜா காலம். கல்யாணமே வேண்டாம், நான் ஏசுவுக்குன்னு சொல்லி, சீதனத்தை எல்லாம் ஏழைகளுக்குக் குடுத்துட்டா. கட்டிக்கிட இருந்தவன், இவ கிறிஸ்தவச்சின்னு ராஜா ஆளுககிட்ட காட்டிக் குடுத்துட்டான். மாடு பூட்டி இழுத்தும் நின்ன எடத்தை விட்டு அசையலையாம். கண்ணைப் பிடுங்கினாங்கன்னு சொல்லுவாங்க. ஆண்டவர் அவளுக்கு வேற கண்ணு குடுத்தார்."

"பிடுங்கின கண்ணு?"

"அதைத்தான் கையில வெச்சிருக்கா."

மாமிக்குக் கண் நல்லபடியாகத் தெளிந்தது. டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்று ப்ரீதா சொல்லவில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுவார்களா என்று இருந்துவிட்டாள். மாமிக்கோ வெள்ளிக் கண் என்றால் அம்மனுக்குத்தான், வீட்டில் ஒரு நாள் தங்கக் கூடாது. கட்டுப் பிரித்த மறுநாளே பக்கத்து மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

டிசம்பரில் புகைமூட்டம் இறங்கிய ஒரு காலையில் ப்ரீதா சுவரைத் தடவிக்கொண்டு மாடியேறினாள்.

"மாமி, டாலரைத் தாங்க. எனக்கும் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. வலது கண்ணு முன்னமே மங்கிருச்சு, தள்ளிப்போட்டா இடது கண்ணும் போயிரும்."

மாமி விஷயத்தைச் சொன்னாள். ப்ரீதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மாச்சி, பெரியம்மா, அம்மா, எல்லாரும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் கண் ஆபரேஷனுக்குப் படுத்தாங்க. அது இல்லாம நான் படுக்க மாட்டேன்."

"நர்ஸுடி நீ!"

"நர்ஸுங்கிறதாலதான் பயம், மாமி."

அஷ்வத் உள்ளேயிருந்து சிரித்தான். "உண்டியல்ல போட்டது வாபஸ் எப்டி வரும்மா? பண்டிட்ஜி கிட்ட ரிஃபண்ட் கேப்பியா?"

"வாயை மூடு," என்றுவிட்டு மாமி கோயிலுக்கு ஓடினாள்.

பரமசிவ குருக்கள் உதட்டைப் பிதுக்கினார். "ஆடியிலேயே உருக்கியாச்சே! காணிக்கை வெள்ளியெல்லாம் ஒண்ணாப் போட்டுத்தானே அம்பாளுக்கு முகக் கவசம் பண்ணினது. பாருங்கோ, லட்சணமா இல்லை?"

மாமி பார்த்தாள். புத்தம்புது வெள்ளி முகம் பளபளத்தது. இடது கண்ணின் மேல் குறுக்காக ஒரு கீறல்.

"அது என்ன கீறல்?"

"எங்கே? ஒண்ணும் இல்லையே மாமி!"

மாமி திரும்பி வந்து உருக்கியதை மட்டும் சொன்னாள். கீறலைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ப்ரீதா கத்தவில்லை. "எங்கம்மா கழுத்துல கெடந்தது மாமி. அடுப்புல போட்டுட்டீங்களே," என்றாள் மெதுவாக. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

கோயில் படி அவளுக்குத் தெரியவில்லை. மாமியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காலால் தடவி ஏறினாள். துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே வராமல் வாசல் நிலையிலேயே நின்றாள். சந்நிதி எங்கோ உள்ளே, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது.

"கீறல் அப்படியே இருக்கு மாமி."

மாமி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "அங்கே என்னடி தெரியறது உனக்கு?"

"ஒங்க முகம் தெரியல. அது தெரியுது." ப்ரீதா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "நாளைக்கே போய்ப் படுக்கேன்."

ஆபரேஷன் நடந்த அன்று காலை மாமி வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கோயிலுக்குக் கிளம்பினாள். கோயில் வாசலில் செருப்பை விடும்போது ப்ரீதாவின் புருஷன் ஜெயசீலன் போன் செய்தான்.

"நல்லபடியா முடிஞ்சிது மாமி. கட்டுப் போட்டிருக்காங்க. கண்ணுல தண்ணியா வடியும், கையே வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

உள்ளே குருக்கள் துணியும் கையுமாக நின்றிருந்தார்.

"வாங்கோ மாமி. இன்னிக்கு இன்னும் அபிஷேகமே ஆகலை. நடை திறந்ததுலேருந்து அம்பாளோட இடது கண்ணுல மட்டும் ஈரம். தொடைக்கத் தொடைக்க ஊறறது. குளிருக்கோ என்னமோ."

அவர் துணியை மறுபடியும் கவசத்தருகே கொண்டுபோனார்.

"தேய்க்காதேங்கோ!" என்று மாமி பதறிக்கொண்டு ஓடினாள். "ஆபரேஷன் ஆன கண்ணு."