சந்தனம் வச்ச சக்கரம்

காரோட சக்கரம் பாடியை விட்டு வெளிய துருத்திக்கிட்டு நின்னா அதுல என்ன அழகுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. என் தம்பிக்கு விளங்கிருச்சு. ஆனையூர்ல எங்க வீட்டு வாசல்ல காரைக் கொண்டாந்து நிப்பாட்டி, சுத்திச் சுத்தி வந்து காமிச்சான். வாடிவாசல்ல மாடு கால அகட்டி நிக்கிற மாதிரி நிக்கிது பாருக்கான்னான். மாட்டுக்குப் பிறக்கயிலேயே கால் உடம்போட ஒட்டி வந்துச்சு, உன் வண்டிக்கு எவன்டா ஒட்டுனான்னு கேட்டேன். சிரிச்சான். நான் கோவத்துல கேட்டத அவன் கேலின்னு எடுத்துக்கிட்டான்.

அவன் மாட்டியிருந்தது ஸ்பேசர். வேற ஒண்ணும் இல்ல, அலுமினியத்துல ஒரு வட்டத் தகடு, ஊத்தப்பம் கனம் இருக்கும். சக்கரத்தக் கழட்டிட்டு அந்த இடத்துல தகட்டச் செருகி, மேல சக்கரத்த வச்சு நட்டைப் போட்டுருவாங்க. தகட்டோட கனத்துக்குச் சக்கரம் வெளிய வந்துரும். ஆனா போல்ட்டு அதே பழைய போல்ட்டு. அதுல பாதியத் தகடு முழுங்கிரும். மிச்சம் நீட்டிக்கிட்டிருக்கிற கொஞ்சூண்டு மரையிலதான் நட்டு பிடிக்கணும். முழுக் கையால பிடிக்க வேண்டியத விரல் நுனியால பிடிச்சுக்கிட்டுப் போற கதைதான். நீளமான போல்ட்டோட முறையாச் செய்யிற ஸ்பேசரும் இருக்குங்கிறாங்க. இருக்கட்டும். இவன் மாட்டுனது கப்பலூர்ப் பக்கம் எங்கயோ ஒரு லேத்துல அளவு சொல்லிக் கடைஞ்சு வாங்கினது.

இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பீங்க. நான் இன்சூரன்ஸ் ஆபீசுல கிளைம் பாக்கிறவ. நசுங்குன காரோட போட்டோவப் பாத்துக்கிட்டேதான் தினமும் காபி குடிக்கிறேன். ஆர்.சி.யில கம்பெனி குடுத்த விவரம் இருக்கும், அதுக்கு மாறா வண்டியில கை வைக்கிறதுன்னா ஆர்.டி.ஓ. ஆபீசுல முன்கூட்டியே அனுமதி வாங்கணும். வாங்காம மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா அபராதம். அதக்கூட விடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வண்டியில என்ன மாத்தி வச்சிருந்தன்னுதான் முதக் கேள்வியே வரும். அந்தக் கேள்வியக் கேக்கிறவளே நான்தான். இம்புட்டையும் தம்பிகிட்ட நின்னு சொன்னேன்.

"போலீசு என்ன, சக்கரத்தக் கழட்டியா பாக்கப் போறாரு? விடுக்கா" ன்னான்.

இந்த ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் இதே புத்திதான். எவனாவது பாத்தாத்தான் தப்பு, பாக்காட்டி ஒண்ணும் இல்ல. போல்ட்டுக்கு என்னத்தத் தெரியும், போலீசு பாக்குதா பாக்கலையான்னு.

வேற எவன் வண்டியா இருந்தாலும் எக்கேடும் கெட்டுப் போன்னு விட்டுருப்பேன். ஆனா அவன் அத மாட்டுனதே என் மகளுக்காக. ரெண்டு வயசு அவளுக்கு. அலங்காநல்லூர் தாண்டி இருக்கிற எங்க குலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறிச்சாச்சு. எங்க வழக்கப்படி தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். அன்னைக்குக் காலைல பிள்ளைய வீட்ல இருந்து கோயிலுக்கு மாமன் வண்டியிலதான் கூட்டிட்டுப் போகணும், சீர்த் தட்டோட. இருக்கிறது ஒரே மாமன். மாமன் வண்டி கெத்தா இருக்கணும்ல, அதுக்குத்தான் இந்த அலங்காரம். ஆக, நுனியில தொங்குற அந்தச் சக்கரத்து மேல, முன் சீட்டுல எங்கம்மா மடியில, என் பிள்ளை போகணும்.

அதுக்கப்புறம்தான் இன்னொண்ணு தெரிஞ்சுச்சு. மாட்டுன கடையில, கொஞ்ச தூரம் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க, நட்டை இன்னொரு தடவ முடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. இவன் போகல. ஏன்டா போகலன்னு கேட்டா, எப்பிடிக்கா போறதுன்னு என்னையவே திருப்பிக் கேக்குறான். கடையில இருந்து நேரா கோயிலுக்குப் போயிருக்கான். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, நாலு சக்கரத்துலயும் நட்டோட சேத்துச் சந்தனம் குங்குமம் வச்சு அனுப்பியிருக்காங்க. அதப் பாத்துட்டு எங்கம்மா சொல்லுச்சாம், காதுகுத்து முடியிற வரைக்கும் அந்தச் சக்கரத்துல இரும்பு படக் கூடாதுன்னு.

எங்க வீட்ல இது வழக்கந்தான். ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்ச அருவாமனைய மறுநாள் எடுத்துப் படையல் பிரிக்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டோம். அன்னைக்குக் காய் நறுக்க வேணும்னா பக்கத்து வீட்ல போயி நறுக்கிட்டு வருவோம். அருவாமனைக்கு ஓய்வு குடுக்கலாம், அது ஒரு மூலையில கிடக்கும். ரோட்டுல ஓடுற சக்கரத்துக்கு எப்பிடிம்மா ஓய்வு குடுப்பன்னு அம்மாகிட்டக் கத்துனேன். சாமி காரியத்துல வக்கீல் மாதிரிப் பேசாதன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருச்சு. தம்பியோ, சந்தனம் கரைஞ்சிரும்னு வண்டியக் கழுவக்கூட இல்ல.

எங்க வீட்டுக்காரரு பள்ளிக்கூட வாத்தியாரு, எதுக்கும் சத்தம் போட மாட்டாரு. ஒரு நாள்தானே, பக்கத்துல இருக்கிற கோயிலு, அனுசரிச்சுப் போயேன்னாரு. ஆக்சிடென்ட் எல்லாம் ஒரு நாள்தாங்க நடக்குதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

விசேசத்தன்னைக்குக் காலைல வாசல் பூரா சொந்தக்காரங்க. சீர்த் தட்டெல்லாம் பின் சீட்டுல ஏறிருச்சு. தேங்கா, பழம், பட்டுப் பாவாடை. தம்பி பட்டு வேட்டியில, என் மகளத் தோள்ல வச்சுக்கிட்டு காருக்கு வந்தான். அவளுக்கு மாமன்னா உசுரு, அவன் மீசையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வாரா. நான் கார்க் கதவுக்குக் குறுக்கப் போயி நின்னேன்.

"இந்தச் சக்கரம் கோயில் போயிச் சேராது. என் பிள்ளைய இதுல ஏத்த மாட்டேன்."

நல்ல நாளும் அதுவுமா இப்பிடியா பேசுறதுன்னு பின்னால ஒரு குரல் வந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. பிள்ளைய அவன் தோள்ல இருந்து பிச்சுத்தான் எடுத்தேன், வீல்னு கத்துனா. தம்பிக்கு முகம் செத்துப் போச்சு. இன்னைக்கும் அந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கு, பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காகப் பிள்ளையக் குடுக்க முடியுமா? சொந்தக்காரங்களுக்காக வாடகைக்குப் பிடிச்சிருந்த வேன்ல ஏறி டிரைவர் பக்கத்துல உக்காந்துட்டேன். எங்கம்மா என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. எம்மகன் வண்டியில நான் போறேன், எவளும் வர வேணாம்னு சொல்லிட்டு முன் சீட்டுல ஏறிக் கதவச் சாத்துச்சு.

கார் முன்னால, வேன் பின்னால. நான் வேற எதையும் பாக்கல, எனக்கு நேரா தெரிஞ்ச பின் இடது சக்கரத்தத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். ஊரைத் தாண்டி வயக்காடு வந்த பிறகு, அந்தச் சக்கரம் ஒரு சீராச் சுத்தாம லேசா உள்ளயும் வெளியயும் ஆடுச்சு. ஓயப் போற பம்பரம் கணக்கா. ஆரன அடிங்கண்ணேன்னு டிரைவர்கிட்டக் கத்துனேன். அவரு அமுக்குனாரு, விடாம அமுக்குனாரு. எங்க தம்பி என்ன செஞ்சான்? மாமன் சீர் வருதுன்னு வேன்காரங்க குசியில அடிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு, பதிலுக்கு அவனும் ஆரன அடிச்சான். கையை வெளிய நீட்டி ஆட்டுனான். வேகத்தக் கூட்டுனான்.

சக்கரம் கழண்டுச்சு. கழண்டு, காரையே முந்திக்கிட்டு, சந்தனப் பொட்டோட போயிக் கரும்புக் காட்டுக்குள்ள விழுந்துச்சு. கார் ஒரு பக்கம் தரையில உக்காந்து, பொறி பறக்க இழுத்துக்கிட்டே போயி, ரோட்டோரப் பள்ளத்துல மூக்கக் குத்தி நின்னுச்சு. எதுத்தாப்ல அந்நேரம் பஸ் எதுவும் வரல. வந்திருந்தா நான் இத எழுத மாட்டேன்.

வேன் நிக்கிறதுக்குள்ள கதவத் தொறந்து ஓடுனேன். தம்பி ஸ்டியரிங்கப் பிடிச்சபடி மரம் மாதிரி உக்காந்திருந்தான், அவனுக்கு ஒண்ணும் ஆகல. பின் சீட்டுத் தட்டெல்லாம் முன்னால பறந்து வந்து கிடந்துச்சு. அம்மா கையை ஊனியிருக்கு போல, வலது மணிக்கட்டு கோணி நின்னுச்சு. அம்மா மடியில, என் பிள்ளை உக்காந்திருக்க வேண்டிய இடத்துல, ஒரு சீர்த் தேங்கா ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு.

காதுகுத்து அன்னைக்கு நடக்கல. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருந்த அம்மா என்னையப் பாத்ததும் முதல்ல சொன்னது இதுதான்:

"உன் கரிநாக்கு பலிச்சிருச்சுடி. சந்தோசமா?"

சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் தலையாட்டுனாங்க. நட்டைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஸ்பேசரப் பத்தி ஒருத்தரும் பேசல. வீட்டு வாசல்ல பூசணிக்கா உடைச்சாங்க. நான் சொன்னதாலதான் கழண்டுச்சாம். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பூசணிக்காயத் தூக்கி எவன் தலையிலயாவது போட்டுருப்பேன். இதுல தம்பி வேற தனியாக் கூப்பிட்டு, கிளைம்ல அந்தத் தகட்டப் பத்தி எழுதாம பாத்துக்கக்கா, நீதானே அங்க இருக்கன்னான். அந்த வண்டி ஃபைல என் கையாலகூடத் தொட மாட்டேன், பாக்கிறவங்க கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லுவேன்னுட்டேன். அதோட பேச்சு வார்த்தை இல்லாமத்தான் இருந்தோம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு, சரி பண்ணுன அதே காரோட வந்தான். சக்கரம் நாலும் பாடிக்குள்ள அடக்கமா இருந்துச்சு, சந்தனமும் இருந்துச்சு. பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னான், தகட்டக் கழட்டிட்டேன்க்கா, நீ இன்னைக்கு ஒண்ணும் சொல்லிராதன்னு. சட்டத்துக்குக் கழட்டல. போல்ட்டுக்குக் கழட்டல. நான் நாக்கு வலிக்கச் சொன்ன நியாயத்துக்குக் கழட்டல. என் நாக்குக்குப் பயந்து கழட்டியிருக்கான். டிக்கியத் தொறந்து ஸ்பேனர எடுடான்னேன்.

பட்டுச் சேலையோட வாசல்ல குத்த வச்சு உக்காந்து, முந்தானையால நட்டு மேல இருந்த சந்தனத்தத் தொடைச்சேன். அம்மா கட்டுப் போட்ட கையத் தொங்கவிட்டுக்கிட்டுப் படியில நின்னு பாத்துச்சு. தடுக்கல.

"நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லிட்டுச் செய்யிடி" ன்னுச்சு.

"என் வாய நம்பாதம்மா. இந்த நட்ட நம்பு."

நாலு சக்கரத்தையும் முடுக்கி முடிச்சுட்டுத்தான் பிள்ளைய நீட்டுனேன். அம்மா ஒத்தக் கையால வாங்கிக்கிச்சு.